பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஒரு கல்லூரி



அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளை உயர்நிலைப் பள்ளி என்பார்கள். அந்த நான்கு ஆண்டுகளுக்குள்ளேயே கல்லூரிப் பாடங்களைப் படித்துத் தேறி, பள்ளிச் சான்றிதழ் கைக்கு வருமுன்பே பட்டப்படிப்பில் ஒரு பங்கை முடித்துவிடும் பிள்ளைகள் இன்று அங்கே ஏராளம். 2022-23 கல்வியாண்டில் கல்லூரிப் பாடம் ஒன்றிலாவது பெயர் பதிந்து படித்த பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளின் வகுப்பறைக் கணக்கைப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இன்னும் பள்ளியை முடிக்காதவர்.

இந்த ஏற்பாடு யாருக்காகத் தோன்றியது, இன்று யாருக்குப் பயன்படுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதே இந்த உரையின் பொருள். பள்ளியிலேயே கல்லூரிக் கிரெடிட் வாங்குவதைக் கெட்டிக்காரப் பிள்ளைகளின் தனிச் சாதனையாகப் பேசுவது வழக்கம். ஆனால் எழுபது ஆண்டு வரலாறு சொல்வது வேறு. கட்டணத்தை யார் கட்டுகிறார், புத்தகத்தை யார் வாங்கித் தருகிறார், பஸ் வருகிறதா, பாடம் நடத்தத் தகுதியான ஆசிரியர் இருக்கிறாரா, வாங்கிய கிரெடிட்டை அடுத்த கல்லூரி ஏற்கிறதா என்ற ஐந்தும் சரியாக அமைந்த ஊர்களில் சாதாரணப் பிள்ளைகளே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கிரெடிட் கணக்கு

அமெரிக்கக் கல்லூரியில் வாரத்துக்கு மூன்று மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் முழுக்க நடக்கும் பாடத்துக்கு வழக்கமாக 3 கிரெடிட். இளநிலைப் பட்டம் பெற ஏறத்தாழ 120 கிரெடிட் வேண்டும். சமுதாயக் கல்லூரி தரும் ஈராண்டு அசோசியேட் பட்டத்துக்கு ஏறத்தாழ 60. பள்ளியை விட்டு வெளியே வரும்போதே ஒரு மாணவர் 30 கிரெடிட் சேர்த்திருந்தால், கணக்குப்படி கல்லூரியின் முதலாண்டைத் தாண்டிவிட்டார். ஓராண்டுக் கட்டணம், விடுதி வாடகை, சாப்பாட்டுச் செலவு மிச்சம். வேலைக்கும் ஓராண்டு முன்னதாகப் போகலாம். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

இந்தக் கிரெடிட்டை வாங்க முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது தேர்வு. பள்ளியில் கல்லூரித் தரப் பாடத்தைப் படித்துவிட்டு, மே மாதம் நடக்கும் ஏ.பி. எனப்படும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ தேர்வை எழுதுவது. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்; பல கல்லூரிகள் மூன்றோ அதற்கு மேலோ பெற்றால் கிரெடிட் தரும், சில நான்கோ ஐந்தோ கேட்கும். இரண்டாவது இரட்டைச் சேர்க்கை. பள்ளியில் இருந்துகொண்டே ஒரு கல்லூரியிலும் பெயர் பதிந்து, அதன் பாடத்தைக் கல்லூரியிலோ, தன் பள்ளியிலோ, இணையத்திலோ படிப்பது. ஒரே பாடம் பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும். மூன்றாவது ‘எர்லி காலேஜ்’. பள்ளியும் கல்லூரியும் ஒரே நிறுவனமாக இணைந்து நடப்பது.

மூன்று பள்ளிகள், மூன்று பல்கலைக்கழகங்கள்

ஏ.பி. தேர்வின் வேர் 1950களின் தொடக்கத்தில் இருக்கிறது. ஆண்டோவர், எக்ஸிட்டர், லாரன்ஸ்வில் என்ற வசதிமிக்க மூன்று தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் ஃபோர்டு அறக்கட்டளை தந்த நிதியில் ஓர் ஆய்வு நடத்தின. இந்தப் பள்ளிகளில் நன்றாகப் படித்த மாணவர்கள் கல்லூரிக்குப் போனதும், பள்ளியின் கடைசி ஆண்டுகளில் படித்ததையே மறுபடி படித்துக் காலத்தை வீணாக்குகிறார்கள் என்று 1952இல் அந்த ஆய்வு சொன்னது. அதே காலத்தில் ஓஹாயோ மாநிலத்தின் கென்யன் கல்லூரித் தலைவர் கார்டன் கீத் சால்மர்ஸ், பன்னிரண்டு கல்லூரிகளை ஒன்றுசேர்த்து, பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் படித்து வருவோரை எப்படிச் சோதித்து ஏற்பது என்று திட்டம் வகுத்தார். பிறகு கல்லூரி வாரியம் என்ற தேர்வு அமைப்பு இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 1956இல் வாரியம் முதன்முறையாக நடத்திய தேர்வை எழுதியவர்கள் 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்கள்.

மேல்தட்டுப் பள்ளிகளின் சலிப்பைப் போக்கத் தொடங்கிய தேர்வு அது. நகரத்துச் சேரிப் பிள்ளைகளையோ, எல்லையோரத்துப் பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையோ அன்று யாரும் மனத்தில் வைத்திருக்கவில்லை.

மேல்தட்டுக்கு மட்டும் என்ற அந்த எல்லைக்கோட்டை அழித்தவர்களில் ஒருவர், ஒரு கணக்கு வாத்தியார். பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரில் 1930இல் பிறந்த ஹைமே எஸ்கலான்டே, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, மீண்டும் படித்து ஆசிரியர் தகுதி பெற்று, 1974இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். மெக்சிகோவிலிருந்து வந்து உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் பள்ளி அது. அங்கே அவர் நுண்கணித வகுப்பு தொடங்கினார். 1982 மே மாதம் 18 பேர் ஏ.பி. நுண்கணிதத் தேர்வை எழுதினார்கள். அத்தனை பேரும் தேறினார்கள்.

தேர்வு நடத்திய நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்தது. விரிவாக எழுத வேண்டிய கேள்வி ஒன்றில் பல விடைத்தாள்களில் ஒரே மாதிரியான தவறு இருந்தது. 14 பேரின் மதிப்பெண் கேள்விக்குள்ளானது. மறுபடி எழுதுங்கள், இல்லாவிட்டால் மதிப்பெண் செல்லாது என்றார்கள். 12 பேர் ஒப்புக்கொண்டார்கள். விடுமுறையெல்லாம் கழிந்து, ஆகஸ்டு மாதக் கடைசியில், புத்தகத்தை மூடி மாதக்கணக்கான பிறகு, வேறு கேள்வித்தாளை வைத்து எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் மறுபடி தேறினார்கள்.

1988இல் இந்தக் கதை ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்ற படமாக வந்தது. படம் பார்த்தவர்களுக்கு ஒரே ஆண்டில் ஓர் ஆசிரியரின் உத்வேகம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகத் தோன்றும். நடந்தது வேறு. 1982க்கு முன் பல ஆண்டுகள் உழைப்பு. இயற்கணிதத்தில் தொடங்கி ஒவ்வொரு வகுப்பாகப் படி கட்டி ஏற்றினார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் கோடை வகுப்புகள் நடந்தன. ஹென்றி கிராடியாஸ் என்ற தலைமையாசிரியர் துணை நின்றார். பென் ஹிமெனெஸ் என்ற சக ஆசிரியர் சேர்ந்து உழைத்தார். எஸ்கலான்டே 1991இல் அந்தப் பள்ளியை விட்டுப் போனார். 2016இல் அமெரிக்க அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. தபால்தலையில் ஒருவர் முகம்தான் இருக்க முடியும். ஆனால் கார்ஃபீல்டில் வென்றது கீழ்வகுப்பிலிருந்து திட்டமிட்டு அமைத்த ஒரு பாதை.

சட்டம் திறந்த கதவு

தேர்வுக்கு வெளியே இன்னொரு பாதையும் மெல்ல வளர்ந்தது. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955இலிருந்தே பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு பள்ளியிலேயே தன் பாடத்தை நடத்தி வருகிறது. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரப் பள்ளிகள், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பாடத் தேவையை முன்கூட்டியே முடித்துவிட்டுச் சலித்துப்போய் இருக்கிறார்கள் என்று உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திடம் முறையிட்டன. ‘புராஜெக்ட் அட்வான்ஸ்’ என்ற திட்டம் அதிலிருந்து பிறந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டம், பல்கலைக்கழகப் பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர், பல்கலைக்கழகக் கிரெடிட். 1999இல் இத்தகைய திட்டங்களுக்குத் தர அளவுகோல் வகுக்கவே ஒரு தேசியக் கூட்டமைப்பு உருவானது.

பெரிய மாற்றம் 1985இல் மின்னசோட்டாவில் நிகழ்ந்தது. ஆளுநர் ரூடி பெர்பிச் முன்னின்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரிக்குப் போய்ப் படிக்கலாம். கட்டணமும் பாடப்புத்தகமும் அரசின் பொறுப்பு. பள்ளிக்கு வரவேண்டிய நிதியில் ஒரு பகுதி மாணவரோடு கல்லூரிக்குப் போகும் என்பதால் பள்ளி நிர்வாகங்கள் கடுமையாக எதிர்த்தன. ஆனால் மாணவர்கள் வெளியே போய்விடக்கூடும் என்ற நிலை வந்ததும், பல பள்ளிகள் தம் கூரைக்குள்ளேயே கல்லூரித் தரப் பாடங்களைக் கூட்டின. ஓஹாயோவும் வாஷிங்டன் மாநிலமும் சில ஆண்டுகளுக்குள் இதே வழியில் வந்தன. வாஷிங்டனின் ‘ரன்னிங் ஸ்டார்ட்’ திட்டத்தில் கல்லூரிக் கட்டணம் கிடையாது. புத்தகமும் போக்குவரத்தும் குடும்பத்தின் செலவு. ஃபுளோரிடாவில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் புத்தகமும் இலவசம். இரண்டு மாநிலங்களுக்கும் இடையிலுள்ள இந்தச் சின்ன வித்தியாசம், மாதக் கடைசியில் கையைப் பிசையும் வீட்டில் பெரிய வித்தியாசம். கல்லூரிப் பாடப்புத்தகம் ஒன்றின் விலையே நூறு டாலரைத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

படிப்பை விட்டவர்களுக்கும் கல்லூரி

மூன்றாவது வழிதான் மிகத் துணிச்சலானது. 1974இல் நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரி வளாகத்துக்குள் ‘மிடில் காலேஜ்’ என்ற உயர்நிலைப் பள்ளி திறந்தது. அதில் சேர்த்தது முதல் மதிப்பெண் பிள்ளைகளை அல்ல. படிப்பைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று கருதப்பட்டவர்களை. கல்லூரி வளாகத்தில் பெரியவர்களோடு பழகினால், தானும் பெரிய படிப்பு படிக்கக்கூடியவன் என்ற எண்ணம் வரும் என்பதே அதன் அடிப்படை. 2001இல் பார்டு கல்லூரி நியூயார்க் நகரக் கல்வித் துறையோடு சேர்ந்து ஒரு பள்ளி தொடங்கியது. அங்கே நான்காண்டு முடிவில் பள்ளிச் சான்றிதழும் அசோசியேட் பட்டமும் சேர்ந்து கிடைக்கும். 2002 முதல் கேட்ஸ் அறக்கட்டளை நிதியுதவியோடு இந்த முறை பல மாநிலங்களுக்குப் பரவியது. 2011இல் புரூக்லினில் ஐ.பி.எம். நிறுவனமும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய ‘பி-டெக்’ பள்ளி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆறு ஆண்டுப் படிப்பு. நுழைவுத் தேர்வு கிடையாது.

டெக்சாஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் நடந்ததை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஏழ்மையான பகுதிகளில் ஒன்று அது. ஹிடால்கோ என்ற சிற்றூரின் பள்ளி 2006இல் எர்லி காலேஜாக மாறியது. தேர்ந்தெடுத்த ஒரு வகுப்புக்கு மட்டுமென்று வைக்காமல், ஊரின் உயர்நிலைப் பள்ளி முழுவதையும் மாற்றினார்கள். அதை நடத்திய கல்வி அதிகாரி டேனியல் கிங், 2007இல் பக்கத்துப் பள்ளி மாவட்டமான ஃபார்-சான் ஹுவான்-அலமோவின் பொறுப்புக்கு வந்தார். படிப்பை நிறுத்தியவர்கள் அங்கே மிக அதிகம். பள்ளிச் சான்றிதழுக்கு ஒன்றிரண்டு பாடமோ, மாநிலத் தேர்வோ பாக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்ட இளைஞர்களுக்காக அவர் தனிப் பள்ளி திறந்தார். பள்ளியை முடிக்கவில்லையா, இன்றே கல்லூரியில் சேருங்கள் என்ற பொருளில் ஊரில் அறிவிப்புப் பதாகை கட்டினார்கள். நிர்வாகத்தினரும் ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். வந்தவர்கள் பாக்கிப் பாடத்தை முடித்துக்கொண்டே சவுத் டெக்சாஸ் கல்லூரியின் பாடங்களைத் தொடங்கினார்கள். தோற்றுப்போனவன் என்று ஊர் கைகழுவிய பிள்ளையிடம், உன்னைக் கல்லூரிக்கு அழைக்க வந்திருக்கிறோம் என்று சொன்ன பள்ளி நிர்வாகம் அது.

இந்தப் பள்ளிகள் உண்மையிலேயே பயன் தருகின்றனவா? இயல்பாகவே ஆர்வமுள்ள பிள்ளைகள்தானே விண்ணப்பிப்பார்கள் என்ற ஐயம் நியாயமானது. இதற்கு விடை காண அமெரிக்க ஆய்வு நிறுவனம் நல்ல முறை ஒன்றைக் கையாண்டது. இடங்களைவிட விண்ணப்பம் கூடினால் இப்பள்ளிகளில் குலுக்கல் நடக்கும். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆர்வம் இரு தரப்பிலும் ஒன்றுதான். வாய்ப்பு மட்டுமே வேறு. 2013இல் வெளியான முடிவின்படி, இடம் கிடைத்தவர்களில் 80 சதவீதம் பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள். கிடைக்காதவர்களில் 71 சதவீதம். ஆய்வுக் காலத்துக்குள் ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர்கள் முதல் தரப்பில் 22 சதவீதம், இரண்டாம் தரப்பில் 2 சதவீதம்.

கிரெடிட் எங்கே தொலைகிறது

இவ்வளவு நன்மைக்கும் இடையில் பிள்ளைகள் ஏமாறும் இடங்கள் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

வாங்கிய கிரெடிட் எல்லா இடத்திலும் ஒரே மதிப்போடு செல்லாது. ஒரு மாணவி பள்ளியில் இருந்தபோது உளவியல், சமூகவியல், பேச்சுக்கலை என்று கிடைத்த பாடமெல்லாம் படித்து 24 கிரெடிட் சேர்த்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பொறியியலில் சேரும்போது கல்லூரி அத்தனையையும் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று எழுதிவிடலாம். ஆனால் அவளுடைய பட்டத்துக்குத் தேவையான பாடம் அதில் ஒன்றோ இரண்டோதான். மீதி விருப்பப்பாடம் என்ற தலைப்பின் கீழ் நிற்கும். பட்டத்தின் தூரம் குறையாது. நுண்கணிதம் முதல் நாளிலிருந்தேதான் தொடங்கும்.

சில மாநிலங்கள் இதற்கு மருந்து கண்டிருக்கின்றன. ஃபுளோரிடா தன் அரசுக் கல்லூரிகளின் பாடங்களுக்குப் பொது எண் கொடுத்திருக்கிறது. ஒரே எண்ணுள்ள பாடத்தை இன்னோர் அரசுக் கல்லூரி மறுக்க முடியாது. டெக்சாஸில் 42 கிரெடிட் கொண்ட அடிப்படைப் பாடத் தொகுதியை ஓர் அரசுக் கல்லூரியில் முடித்தால், மற்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் அதை முழுமையாக ஏற்க வேண்டும். இல்லினாய் 2015இல் இயற்றிய சட்டத்தின்படி, அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏ.பி. தேர்வில் மூன்று பெற்றவருக்கும் கிரெடிட் தர வேண்டும். தனியார் கல்லூரிகளை இந்தச் சட்டங்கள் கட்டுப்படுத்தாது. டார்ட்மத் கல்லூரி 2014இல் சேர்ந்தவர்களிலிருந்து ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது. மேல்நிலைப் பாடத்தில் அமர்த்த மட்டும் அந்த மதிப்பெண்ணைப் பார்க்கிறது. ஏழெட்டு ஏ.பி. தேர்வு எழுதி அப்படிப்பட்ட கல்லூரிக்குப் போகிறவருக்குச் சேர்க்கையில் உதவி கிடைக்கலாம். கட்டணத்தில் மிச்சம் கிடைக்காது. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

இரட்டைச் சேர்க்கையில் வாங்கும் மதிப்பெண் அழியாதது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஏ.பி. தேர்வில் குறைந்த மதிப்பெண் வந்தால் அதைக் கல்லூரிக்கு அனுப்பாமல் விட வழியுண்டு. ஆனால் இரட்டைச் சேர்க்கையில் பதினாறு வயதில் வாங்கிய ‘டி’ கிரேடு அந்தக் கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளிலும் அதைக் காட்டியாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. மாணவர் பதிவேடுகளைக் காக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கல்லூரியில் பெயர் பதிந்தவருக்குப் பதினாறு வயதானாலும் அந்தக் கல்லூரிப் பதிவேட்டின் மீது உரிமை அவருக்கே. மகளின் மதிப்பெண்ணைக் கேட்டு அப்பா போன் செய்தால், மகள் கையெழுத்திட்ட ஒப்புதல் இருக்கிறதா என்று அலுவலகம் கேட்கக்கூடும். பாடத்தில் தடுமாறுவதை வீட்டில் சொல்லும் துணிவு பிள்ளைக்கு இருந்தால்தான், கெடு தேதிக்குள் வகுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியும்.

எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது வாசலில் நடப்பது. கறுப்பின மாணவர்களும் ஏழை வீட்டு மாணவர்களும் தங்கள் எண்ணிக்கைக்குரிய பங்கில் இன்னும் இந்த வகுப்புகளில் இல்லை. குறைந்தபட்ச மதிப்பெண் விதி, தகுதித் தேர்வு, கட்டணம், கல்லூரிக்குப் போகும் வண்டி, விவரம் சொல்ல ஆளில்லாமை என்று ஒவ்வொன்றும் சிலரை வடிகட்டுகிறது. சிற்றூர்களில் ஆசிரியர் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. கல்லூரிப் பாடம் நடத்தும் பள்ளி ஆசிரியருக்குப் பொதுவாக முதுநிலைப் பட்டமும் அந்தப் பாடத்தில் 18 முதுநிலைக் கிரெடிட்டும் எதிர்பார்க்கப்பட்டது. மாவட்டத்துக்கு ஒரே இயற்பியல் ஆசிரியர் உள்ள ஊரில் அந்தத் தகுதி கொண்டவரை எங்கே தேடுவது? டெக்சாஸ் 2023இல் கொண்டுவந்த ‘ஃபாஸ்ட்’ திட்டம், ஏழைக் குடும்பத்து மாணவர்களிடம் இந்தப் பாடங்களுக்குக் கட்டணமே வாங்காத கல்லூரிகளுக்கு மாநில நிதி தருகிறது. வாசலை அகலப்படுத்தும் சரியான வழி அது.

இந்தியாவிலும் இத்தகைய ஏற்பாட்டுக்கான முதல் செங்கற்கள் அடுக்கப்படுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கிரெடிட் வங்கியை உருவாக்கியது. 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு பள்ளிப் படிப்பையும் உயர்கல்வியையும் ஒரே கணக்கில் கொண்டுவருகிறது. ஓராண்டுப் படிப்பு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். கிராமத்துப் பிள்ளையின் கணக்கில் இந்தக் கிரெடிட் உண்மையாக ஏற வேண்டுமானால், மின்னசோட்டாவும் டெக்சாஸும் சந்தித்த அதே கட்டணக் கேள்வியும் ஆசிரியர் கேள்வியும் இங்கும் எழும்.

மறுபடி அமெரிக்காவுக்கு வருவோம். அங்குள்ள பள்ளிகளில் அடுத்த ஆண்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் படிவம் பெரும்பாலும் குளிர்கால முடிவில் வீட்டுக்கு வரும். அதற்கு முன்பே பள்ளி ஆலோசகரிடம் பெற்றோர் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்தப் பாடம் பிள்ளை படிக்க நினைக்கும் பட்டத்தில் எந்தத் தேவையை நிறைவு செய்யும்? எந்தெந்தக் கல்லூரிகள் இதை ஏற்கும், அதை எழுத்தில் காட்ட முடியுமா? கட்டணம், புத்தகம், போக்குவரத்தில் குடும்பத்தின் பங்கு எவ்வளவு? விலகிக்கொள்ளக் கடைசித் தேதி எது? பள்ளி நடத்தும் பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை உரக்கக் கேட்டால், ஆங்கிலம் அவ்வளவாக வராமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெற்றோருக்கும் விடை போய்ச் சேரும். எட்டாம் வகுப்பிலேயே அந்தக் கூட்டத்தை நடத்தச் சொல்லிப் பள்ளியை வற்புறுத்துவதும், கூட்டக் குறிப்பை அந்த ஊரில் பேசப்படும் மொழிகளில் தரச் சொல்லிக் கேட்பதும் பெற்றோர் சங்கங்கள் இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலைகள்.